சபாவில் உட்கார்ந்த சாமானியன்: ‘கர்நாடகம்’ என்ற கல்கி

‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் படிக்காதவர்கள்கூட அந்தப் பெயரை அறிவார்கள். 2022-ஆம் ஆண்டு அது திரைப்படமாக வந்த பிறகு, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் மும்பையில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் வந்தியத்தேவனும் குந்தவையும் பழக்கமாகிவிட்டார்கள். அந்த நாவலை எழுதிய கல்கி, தமிழகத்தின் தலைசிறந்த சரித்திர நாவலாசிரியர் என்று போற்றப்படுகிறார்.

ஆனால், கல்கிக்கு வேறு சில பெயர்களும் உண்டு. அவற்றில் ஒன்று ‘கர்நாடகம்’. அந்தப் பெயரில் அவர் எழுதியது கதை அல்ல. சங்கீதக் கச்சேரிகளையும், நாட்டியத்தையும், இசைத்தட்டுகளையும் பற்றிய விமர்சனம்! கச்சேரிக்குப் போய் வந்து, நன்றாக இருந்தால் நன்றாக இருந்தது என்றும், இல்லாவிட்டால் இல்லை என்றும், யாருக்கும் புரியும் தமிழில் எழுதினார். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். 1930-களில் இது சாதாரணமான காரியம் அல்ல.

கணக்குப்பிள்ளை வீட்டுப் பிள்ளை

கல்கியின் இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில், மாயவரத்துக்கு அருகே உள்ள புத்தமங்கலம் என்ற சிற்றூரில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ந்தேதி பிறந்தார். தந்தை ராமசாமி அய்யர், ஊர்க் கணக்குப்பிள்ளை. தாயார் தையல்நாயகி. பெரிய சொத்து சுகம் கிடையாது. கணக்குப் புத்தகத்தோடும் பேனாவோடும் பிழைத்த குடும்பம்.

ஆனால், அந்த வட்டாரத்தில் சங்கீதத்துக்குப் பஞ்சம் இல்லை. காவிரிக்கரையில் கோவில்தோறும் நாதசுரம். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்த பூமி அது. நாதசுரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறையும் மாயவரத்துக்குப் பக்கம்தான். டிக்கெட் வாங்காமல், தெருவில் நின்றபடியே உயர்ந்த சங்கீதத்தைக் கேட்கும் பாக்கியம் அந்தப் பகுதி மக்களுக்கு இருந்தது. சங்கீதம் என்றால் படித்தவர்களும் பணக்காரர்களும் மட்டுமே அனுபவிப்பது என்ற எண்ணம் கிருஷ்ணமூர்த்திக்கு வராமல் போனதில் வியப்பில்லை.

பரீட்சைக்கு முன் போராட்டம்

உள்ளூர்ப் பள்ளியிலும், மாயவரத்திலும் படித்த கிருஷ்ணமூர்த்தி, பின்னர் திருச்சியில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். இறுதிப் பரீட்சை நெருங்கிய நேரம். ஒத்துழையாமை இயக்கத்துக்கு மகாத்மா காந்தி அழைப்பு விடுத்தார். பரீட்சை எழுதினால் சர்க்கார் உத்தியோகம். எழுதாவிட்டால் எதிர்காலமே கேள்விக்குறி. 1921-ஆம் ஆண்டு அவர் பள்ளியை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு, ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

பிற்காலத்தில் தமிழகமே கொண்டாடிய எழுத்தாளர், பள்ளி இறுதிப் பரீட்சை தேறாதவர்! கையில் சர்டிபிகேட் இல்லை. ஆனால் தமிழ் இருந்தது.

சிறையிலிருந்து வந்த பிறகு, 1923-ல் திரு.வி.க. நடத்திய ‘நவசக்தி’ பத்திரிகையில் உதவி ஆசிரியர் ஆனார். அங்கு சில ஆண்டுகள் பணியாற்றியபின், திருச்செங்கோடு அருகே ராஜாஜி நடத்திய காந்தி ஆசிரமத்துக்குச் சென்றார். மதுவிலக்குப் பிரசாரத்துக்காக ராஜாஜி வெளியிட்ட ‘விமோசனம்’ பத்திரிகையைக் கவனித்துக்கொண்டார்.

குடியானவனுக்கும் கூலித் தொழிலாளிக்கும் புரியும்படி எழுதுவது எப்படி என்ற பாடத்தை அவர் அங்கே கற்றார். கள்ளுக்கடைக்குப் போகிறவனிடம் இலக்கணத் தமிழில் உபதேசம் செய்தால் அவன் காதில் ஏறுமா? கதையாகச் சொல்ல வேண்டும். சிரிக்கச் சிரிக்கச் சொல்ல வேண்டும். இந்தப் பாடம்தான் பின்னால் சங்கீத விமர்சனத்துக்கும் கைகொடுத்தது.

விகடனில் ‘கர்நாடகம்’

1928-ல் எஸ்.எஸ்.வாசன் ‘ஆனந்த விகடன்’ பத்திரிகையை விலைக்கு வாங்கினார். கிருஷ்ணமூர்த்தி ‘கல்கி’ என்ற புனைபெயரில் அதற்குக் கட்டுரை எழுதி அனுப்பினார். வாசன் எழுத்தின் மதிப்பை அறிந்தவர். 1930-களின் தொடக்கத்தில் கல்கி விகடனிலேயே பணிக்குச் சேர்ந்து, அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்.

பத்திரிகையில் பல பக்கங்களை ஒருவரே நிரப்ப வேண்டிய காலம் அது. கல்கி பல பெயர்களில் எழுதினார். விவசாயி, தமிழ்மகன், தேனீ, அகஸ்தியர், லாங்கூலன் என்று அந்தப் பட்டியல் நீளும். ‘ஆடல் பாடல்’ என்ற பகுதிக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர்தான் ‘கர்நாடகம்’.

இந்தப் பெயரில் ஒரு குறும்பு இருக்கிறது. கர்நாடகம் என்றால் கர்நாடக சங்கீதம். அது ஒரு பொருள். பேச்சு வழக்கில், பழைய காலத்து ஆசாமியை, பத்தாம்பசலியை, சுத்தக் கர்நாடகம் என்று கேலி செய்வார்கள். விமர்சகர் தன்னையே கேலி செய்துகொண்டு மேடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் பெரிய சங்கீத பண்டிதன் என்று அவர் மார் தட்டவில்லை. அதனாலேயே வாசகர்களுக்கு அவர் தங்களில் ஒருவராகத் தெரிந்தார்.

அந்தக் காலத்துக் கச்சேரி

கல்கி எழுதத் தொடங்கிய காலம் கர்நாடக சங்கீதத்தின் பொற்காலம் என்று சொல்லப்படுகிறது. 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. டிசம்பர் மாதம் வந்தால் சென்னையில் சங்கீத சீசன் என்ற வழக்கம் வேரூன்றியது.

மேடையில் ஜாம்பவான்கள் இருந்தார்கள். அரியக்குடி ராமானுஜ அய்யங்கார், மகாராஜபுரம் விசுவநாத அய்யர், முசிரி சுப்பிரமணிய அய்யர், செம்பை வைத்தியநாத பாகவதர் ஆகியோர் மூத்தவர்கள். செம்மங்குடி சீனிவாச அய்யர், ஜி.என்.பாலசுப்பிரமணியம், மதுரை மணி அய்யர் ஆகியோர் அடுத்த வரிசையில் வந்தார்கள். எம்.எஸ்.சுப்புலட்சுமி, டி.கே.பட்டம்மாள் என்று பெண்களும் கச்சேரி மேடையில் புகழ்பெறத் தொடங்கினார்கள். நாட்டியத்தில் பாலசரஸ்வதி இருந்தார்.

கச்சேரியின் உருவமும் மாறிக்கொண்டிருந்தது. முதலில் வர்ணம், பிறகு சில கீர்த்தனைகள், நடுவில் விரிவான ஆலாபனையோடு ஒரு பெரிய உருப்படி, ராகம் தானம் பல்லவி, கடைசியில் சில்லறை உருப்படிகளான துக்கடாக்கள் என்ற ஒழுங்கை நிலைநாட்டியவர் அரியக்குடி. மைக் வந்தது. அதற்கு முன் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். மைக் வந்த பிறகு மென்மையான குரலுக்கும் மரியாதை கிடைத்தது.

இந்த மாறுதல்களை எல்லாம் பொதுமக்களுக்கு யார் எடுத்துச் சொல்வது? சங்கீதம் பற்றி எழுதியவர்களில் பலர் பண்டிதர்களுக்காக எழுதினார்கள். இங்கிலீஷில் எழுதினார்கள். சுருதி, லயம், கமகம் என்று சாஸ்திரம் பேசினால், ராகத்தின் பெயர் தெரியாத ரசிகன் வாயை மூடிக்கொள்வான். தனக்குப் பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லவும் பயப்படுவான்.

கல்கி இந்தப் பயத்தைப் போக்கினார். ராகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பாட்டு மனதை உருக்கியதா, இல்லையா என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு என்ற தைரியத்தை அவருடைய எழுத்து சாமானிய ரசிகனுக்கு அளித்தது. அதே சமயம், இலக்கணம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ரசிகனுக்கு விஷயம் தெரியத் தெரிய ரசனையும் வளரும் என்பதை, பாடம் நடத்துவது போல் இல்லாமல், கதை சொல்வது போல் சொன்னார். பெரிய வித்வான் என்பதற்காக அவருடைய பேனா தயங்கியதில்லை. கேலியும் கிண்டலும் தாராளமாக வந்தன.

மூன்று நிமிட சங்கீதம்

அந்தக் காலத்தில் சங்கீதம் பரவியதற்கு இன்னொரு கருவி கிராமபோன். சபா எல்லா ஊரிலும் கிடையாது. சென்னையிலோ கும்பகோணத்திலோ இருப்பவர்களுக்குக் கச்சேரி கிடைக்கும். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தானுக்கும், பிழைப்புக்காகப் பம்பாய்க்கும் கொழும்புக்கும் ரெயில் ஏறியவனுக்கும் சங்கீதம் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் பிளேட் மூலமாகத்தான்.

இன்றைய இளைஞர்களுக்கு அந்தப் பிளேட் எப்படி இருக்கும் என்று தெரியாது. அரக்குக் கலவையில் செய்த கறுப்புத் தட்டு. கீழே விழுந்தால் உடைந்துவிடும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். பெட்டிக்குச் சாவி கொடுக்க வேண்டும். ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், சற்றுக் கூடுதலாகப் பாட்டு இருக்கும். கல்கத்தா அருகே டம்டம் தொழிற்சாலையில் எச்.எம்.வி. தட்டுகள் அச்சாகி வந்தன. சென்னையில் ஏவி.மெய்யப்பன் பங்குதாரராக இருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளை வெளியிட்டது. கொலம்பியா நிறுவனத்துக்கு ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம் ஊர் ஊராக ஒலித்தது.

கச்சேரியில் ஒரு மணி நேரம் விரிக்கும் ராகத்தை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்றால் எப்படி? சில வித்வான்கள் திணறினார்கள். சிலர் அவசர அவசரமாகப் பாடித் தள்ளினார்கள். வேறு சிலருக்கு அந்தக் கட்டுப்பாடே வரமாக அமைந்தது. வளவளப்பு இல்லாமல், ராகத்தின் ஜீவனை மட்டும் பிழிந்து கொடுத்தார்கள். ஆக, கச்சேரியை எடைபோடும் தராசு வேறு, இசைத்தட்டை எடைபோடும் தராசு வேறு. கச்சேரியில் ஒரு பிடி தவறினால் அடுத்த பிடியில் சரிக்கட்டலாம். தட்டில் பதிந்துவிட்டால் பதிந்ததுதான். ஆயிரம் முறை கேட்டாலும் அதே தவறு ஆயிரம் முறை ஒலிக்கும்.

இசைத்தட்டு விமர்சனத்தில் இன்னொரு பொறுப்பும் உண்டு. கச்சேரி விமர்சனம் வரும்போது கச்சேரி முடிந்துவிட்டது. போகாதவன் இனிப் போக முடியாது. தட்டு அப்படி இல்லை. கடையில் இருக்கிறது. விமர்சனத்தைப் படித்துவிட்டு ஒருவன் பணத்தை எடுத்துப்போய் வாங்குவான். மாதச் சம்பளக்காரன் ஒரு தட்டு வாங்க யோசித்து யோசித்துத்தான் வாங்குவான். அவனை ஏமாற்றக் கூடாது. இசைத்தட்டுகளைப் பற்றியும் எழுதிய கல்கி, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த வாசகனுக்கும் பதில் சொல்ல வேண்டியவராக இருந்தார்.

1938-ஆம் ஆண்டு சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது. அதன்பின் சங்கீதம் காற்றிலும் வந்தது. கேட்பவர் தொகை பெருகப் பெருக, விமர்சனத்தின் தேவையும் பெருகியது.

புரியாத பாட்டு

கல்கி எழுப்பிய கேள்விகளில் பெரிய புயலைக் கிளப்பியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில், தமிழ் ரசிகர்கள் முன்னால், தமிழ் வித்வான்கள் நடத்தும் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு ஏன் கடைசி இடம்?

சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். தியாகராஜ சுவாமிகள் தெலுங்கில் பாடினார். முத்துசாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் பாடினார். சியாமா சாஸ்திரிகள் பெரும்பாலும் தெலுங்கில் பாடினார். அவர்களுடைய கீர்த்தனைகளின் உயர்வை யாரும் மறுக்கவில்லை. ஆனால், முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் தமிழில் பாடி வைத்தது எங்கே போயிற்று? மூன்று மணி நேரக் கச்சேரியின் கடைசியில், எழுந்து போகிறவர்கள் செருப்பைத் தேடும் நேரத்தில், துக்கடாவாகத் தமிழ்ப் பாட்டு வந்தது.

1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு முதன்மை தர வேண்டும் என்று குரல் எழுந்தது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் இயக்கத்தின் தூணாக நின்றார். ராஜாஜி, டி.கே.சிதம்பரநாத முதலியார், ஆர்.கே.சண்முகம் செட்டியார் ஆகியோர் ஆதரித்தனர். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது.

எதிர்ப்பு பலமாக இருந்தது. மியூசிக் அகாடமி இந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. சங்கீதத்துக்குப் பாஷை கிடையாது, தரம்தான் முக்கியம், பாஷை பேசினால் சங்கீதம் கெட்டுவிடும் என்பது எதிர்த்தரப்பு வாதம். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. நாதசுரத்துக்கு ஏது சாகித்தியம்? தோடி ராகம் எந்தப் பாஷை? ஆனால், வாய்ப்பாட்டில் வார்த்தை இருக்கிறது. வார்த்தை இருந்தால் பொருள் இருக்கிறது. பாடுகிறவருக்கே பொருள் தெரியாமல், கேட்பவருக்கும் தெரியாமல், உருக்கமாகப் பாடுவது எப்படி என்பது தமிழிசைக்காரர்களின் பதில்.

இந்தச் சண்டையில் கல்கியின் பேனா தமிழிசை இயக்கத்தின் முக்கிய ஆயுதமாக விளங்கியது. வாரந்தோறும் எழுதினார். வாதத்துக்கு வாதம், கேலிக்குக் கேலி. இந்தக் கட்டுரைகள் பின்னர் ‘சங்கீத யோகம்’ என்ற நூலாகத் தொகுக்கப்பட்டன. சங்கீத உலகில் அவருக்கு நண்பர்களாக இருந்தவர்கள் பலர் எதிரணியில் நின்றார்கள். பெரிய மனிதர்களின் பகையைச் சம்பாதித்தார். அதற்காக அவர் பின்வாங்கவில்லை.

தெலுங்குக் கீர்த்தனைகளை மேடையிலிருந்து விரட்ட வேண்டும் என்பது தமிழிசை இயக்கத்தின் நோக்கம் அல்ல. சொந்த வீட்டில் தமிழுக்குத் திண்ணையில் இடம் கொடுக்காதே, கூடத்தில் இடம் கொடு என்பதுதான் கோரிக்கை.

சொந்தப் பத்திரிகை

தமிழிசை மாநாடு கூடிய 1941-ஆம் ஆண்டு, கல்கியின் வாழ்க்கையிலும் திருப்புமுனையான ஆண்டு. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு மூன்றாவது முறையாகச் சிறை சென்றார். ஆனந்த விகடனிலிருந்தும் விலகினார். வயது 41. மனைவி, மக்கள் உண்டு. கைவசம் மூலதனம் இல்லை.

அப்போது துணை நின்றவர், விகடனில் அவரோடு பணியாற்றிய நண்பர் டி.சதாசிவம். 1940-ல் சதாசிவத்தை மணந்திருந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி, ‘சாவித்திரி’ என்ற படத்தில் நாரதர் வேடத்தில் நடித்தார். அதில் கிடைத்த பணம் புதிய பத்திரிகைக்கு உதவியது. 1941 ஆகஸ்டில் ‘கல்கி’ வார இதழ் வெளிவந்தது. அது 2020-ஆம் ஆண்டு வரை அச்சில் வந்துகொண்டிருந்தது. ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘அலை ஓசை’, ‘பொன்னியின் செல்வன்’ எல்லாம் அதில் தொடர்கதைகளாக வந்தவைதான்.

1945-ல் எம்.எஸ். நடித்த ‘மீரா’ படம் வெளியானது. அதில் ‘காற்றினிலே வரும் கீதம்’ என்ற பாட்டை எழுதியவர் கல்கி. இசை அமைத்தவர் எஸ்.வி.வெங்கடராமன். வேண்டும் வேண்டும் என்று அவர் கேட்டது தமிழ்ப் பாட்டு. கேட்டதோடு நிற்காமல், தாமே எழுதியும் காட்டினார். அது கச்சேரி மேடைக் கீர்த்தனை அல்லதான். ஆனால், இசைத்தட்டில் ஏறி, வீட்டுக்கு வீடு ஒலித்தது. பிறர் பாட்டை எடைபோட்டவர் தம் பாட்டையும் மக்கள் தராசில் வைத்தார். மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

நட்பும் விமர்சனமும்

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழுகிறது. எந்தப் பாடகியின் பணத்தில் பத்திரிகை நின்றதோ, அந்தப் பாடகியின் பாட்டை அதே பத்திரிகையின் ஆசிரியர் நடுநிலையோடு விமர்சிக்க முடியுமா?

முடியும் என்று சொல்வது கடினம். எம்.எஸ். பற்றிக் கல்கி எழுதியவற்றை இந்த நட்பை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆசிரியர், வெளியீட்டாளர், பாடகி மூவரும் ஒரே குடும்பம் போல் இருந்தார்கள். இதை அவர்கள் மறைக்கவும் இல்லை. அன்றைய வாசகர்களுக்கும் இது தெரிந்த விஷயம்தான்.

ஆனால், அவருடைய பாராட்டைக் காலம் பொய்யாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1966-ல் எம்.எஸ். ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1998-ல் பாரத ரத்னா விருது பெற்றார். தமிழ்ப் பாட்டை அவர் மேடைதோறும் பாடியதால், தமிழிசை இயக்கத்தின் கோரிக்கை வெறும் வாதமாக நின்றுவிடாமல் காதில் விழும் உண்மையாயிற்று. கட்டுரை நூறு எழுதினாலும் ஒரு நல்ல குரல் செய்யும் வேலையைச் செய்ய முடியாது.

கல்கியின் நேர்மைக்கு வேறொரு சான்று உண்டு. விகடனை விட்டு விலகிய பிறகு, வாசனுக்கும் அவருக்கும் பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை சுமுகமாக இல்லை. இரு பத்திரிகைகளும் போட்டிப் பத்திரிகைகள். 1953-ல் வாசனின் ஜெமினி நிறுவனம், கே.பி.சுந்தராம்பாள் நடித்த ‘அவ்வையார்’ படத்தை வெளியிட்டது. கல்கி படத்தைப் பார்த்தார். மனமாரப் பாராட்டித் தம் பத்திரிகையில் எழுதினார். பழைய கசப்பு கரைந்தது. எதிரியின் சரக்கு என்பதற்காக நல்லதை நல்லது என்று சொல்லாமல் விடவில்லை.

மறைவு

எழுத்து ஒரு பக்கம், பொதுப்பணி மறுபக்கம். எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பக் கல்கி வாசகர்களிடம் நிதி கேட்டார். சிறு தொகைகளாகப் பணம் வந்து குவிந்தது. 1947-ல் மண்டபம் திறக்கப்பட்டது. ஓய்வில்லாத உழைப்பு உடலை அரித்தது. காசநோய் வாட்டியது. 1950-ல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ தொடரை 1954-ல் முடித்தார். அடுத்து எழுதத் தொடங்கிய ‘அமரதாரா’ நாவலை முடிக்க ஆயுள் இடம் கொடுக்கவில்லை. 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ந்தேதி, 55-வது வயதில் காலமானார். ‘அமரதாரா’வை அவருடைய மகள் ஆனந்தி எழுதி முடித்தார். ‘அலை ஓசை’ நாவலுக்கு 1956-ல் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தபோது, வாங்குவதற்குக் கல்கி இல்லை.

சென்னையில் சங்கீத சீசன் களைகட்டும் டிசம்பர் மாதத்தில் ‘கர்நாடகம்’ கண்ணை மூடினார். அரக்குத் தட்டுக்குப் பதிலாக எல்.பி. தட்டுகள் நம் நாட்டில் பரவியதையும், பின்னர் கேசட் வந்ததையும் அவர் பார்க்கவில்லை.

மும்பைத் தமிழனும் ‘கர்நாடக’மும்

மும்பைத் தமிழர்களுக்கு இது எங்கோ சென்னையில் நடந்த கதை அல்ல. கல்கி உயிரோடு இருந்த 1952-ஆம் ஆண்டில்தான் இங்கே சண்முகானந்தா சங்கீத சபா உருவானது. மாதுங்காவை ஒட்டிய கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் அதன் பெரிய அரங்கம் 1963-ல் எழுந்தது. 1990-ல் தீ விபத்துக்கு இரையாகி, மீண்டும் கட்டப்பட்டு, 1998-ல் திறக்கப்பட்டது. தமிழகத்தின் பெரிய வித்வான்கள் இங்கே வந்து பாடியிருக்கிறார்கள்.

அந்த அரங்கத்திலிருந்து தாராவி கூப்பிடு தூரம்தான். நெல்லைச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் கொட்டகைகளில் உழைத்தவர்களின் வாரிசுகள் அங்கே வாழ்கிறார்கள். மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய குமாஸ்தாக்களில் பலருக்குச் சபா பழக்கமான இடம். தாராவித் தொழிலாளிக்கோ, அந்த வாசற்படியைப் பார்த்தால் சற்றுத் தயக்கம். உள்ளே பாடுவது நமக்குப் புரியுமா, நமக்கு அங்கே என்ன வேலை என்ற தயக்கம்.

இந்தத் தயக்கத்தை எதிர்த்துத்தான் கல்கி பேனா பிடித்தார். அவர் சுற்றி வந்தது பெரும்பாலும் சபாக்களைத்தான். சபாவுக்கு வெளியே இருந்த வில்லுப்பாட்டையும் தெருக்கூத்தையும் பற்றி அதே அளவு எழுதினார் என்று சொல்ல முடியாது. ஆனாலும், சபாவின் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டவர்களில் அவர் முக்கியமானவர். புரியும் மொழியில் பாடு என்று வித்வானிடம் சொன்னார். உன் காதை நம்பு என்று ரசிகனிடம் சொன்னார்.

இன்று இசைத்தட்டு போய், கேசட் போய், எல்லாப் பாட்டும் கைபேசிக்குள் வந்துவிட்டது. டிக்கெட் வேண்டாம், பெட்டி வேண்டாம், சாவி கொடுக்கவும் வேண்டாம். மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டே அரியக்குடியின் பழைய பதிவைக் கேட்கலாம். ராஜரத்தினத்தின் தோடியைக் கேட்கலாம். ராகத்தின் பெயர் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்டுப் பார்த்து, பிடித்தால் பிடித்தது என்று சொல்ல வேண்டியதுதான். அந்த உரிமைக்காக வாதாடிய புத்தமங்கலத்துக் கணக்குப்பிள்ளையின் மகனை அப்போது ஒரு கணம் நினைத்துக்கொண்டால் போதும்.